ஊசிக் கணக்கும் எதிர்ப்பாற்றல் கணக்கும்

2004 டிசம்பர் 26 அன்று சுனாமி தாக்கியது. நான்காம் நாளே கடலூர் மாவட்டத்தில் குழந்தைகளுக்குத் தட்டம்மை கண்டிருப்பதாகத் தகவல் வந்தது. முகாம் நெரிசல்தான் காரணம் என்று யாருக்கும் தோன்றும். தேசிய தொற்றுநோயியல் நிறுவனத்தின் ஆய்வாளர்கள் ஊர் ஊராகக் கணக்கெடுத்தபோது கிடைத்த சித்திரம் வேறு. மொத்தம் 101 பேருக்கு நோய். அவர்களில் 71 பேர் அலை புகுந்த ஊர்களில், 30 பேர் அலை தொடாத ஊர்களில். விகிதம் பார்த்தால், தொடாத ஊர்களில்தான் சற்று அதிகம்: ஆயிரத்துக்கு 1.7, பாதித்த ஊர்களில் 1.3. தொற்றிய பிறகு அம்மை வெளியே தெரியப் பத்துப் பதினான்கு நாள் பிடிக்கும். பாதித்த ஊர்களில் நோய் கண்டவர்களில் 42 சதவீதம் பேருக்கு அலை வந்த பதினான்கு நாளுக்குள்ளேயே நோய் வந்துவிட்டது. அவர்களில் பெரும்பாலோருக்குக் கடல் பொங்குவதற்கு முன்பே கிருமி தொற்றியிருக்க வேண்டும். இதைவிட யோசிக்க வைக்கும் செய்தி ஒன்று உண்டு. அன்று இந்தக் கடற்கரையில் 95 சதவீதத்துக்கு மேற்பட்ட குழந்தைகள் ஒரு தவணைத் தட்டம்மைத் தடுப்பூசி போட்டவர்கள்.

பிறகு எப்படிப் பரவியது? ஒன்பது மாதத்தில் போடும் ஊசி நூறில் ஏறத்தாழ 85 குழந்தைகளுக்குத்தான் பிடிக்கும். தாயிடமிருந்து வந்த எதிர்ப்புப் பொருள் சில குழந்தைகளின் உடலில் மிச்சமிருந்து ஊசியின் வேலையைத் தடுத்துவிடுகிறது. ஓர் ஊரில் ஆண்டுக்கு ஆயிரம் குழந்தைகள் பிறப்பதாக வைத்துக்கொள்வோம். 950 பேருக்கு ஊசி போட்டாயிற்று. பாதுகாப்பு கிடைத்தது சுமார் 807 பேருக்கு. மீதி 193 பேர் வெறும் உடம்போடு நிற்கிறார்கள். ஐந்து ஆண்டில் அந்தத் தொகை ஆயிரத்தை நெருங்கிவிடும். பதிவேடு 95 என்று சொல்லிக்கொண்டிருக்கும்போதே நெருப்புக்கு வேண்டிய விறகு அடுக்கப்பட்டுக்கொண்டே போகிறது. தட்டம்மைக் கிருமி சாதாரணமானதல்ல. எதிர்ப்பாற்றல் இல்லாத கூட்டத்தில் ஒரு நோயாளி 12 முதல் 18 பேருக்குத் தொற்றவைப்பார். அவர் எழுந்து போன அறைக் காற்றிலும் இரண்டு மணி நேரம் வரை கிருமி தங்கும். இதை நிறுத்த ஏறத்தாழ 95 சதவீதம் பேருக்கு எதிர்ப்பாற்றல் வேண்டும். அத்தனை பேருக்கு ஊசி போட்டதாகக் கணக்கு இருந்தால் மட்டும் போதாது.

கடலூருக்கு வடக்கே, புதுச்சேரியைத் தாண்டினால் அதே கரையில் மரக்காணம் உப்பளங்கள். தை, மாசியில் பாத்தி கட்டி, கோடை முழுதும் உப்பு வாரி, வடகிழக்குப் பருவமழை இறங்கியதும் வேலை நின்றுபோகும் தொழில். வெயிலுக்கு முன்பே பாத்தியில் இறங்க வேண்டிய ஒரு தாய்க்கு, ஊசி போடும் நாளான புதன்கிழமை வந்தால் ஒரு நாள் கூலி போயிற்று என்று பொருள். கைக்குழந்தைக்கு அதையும் விட்டுக்கொடுப்பார்கள். ஓடியாடும் ஒன்றரை வயதுப் பிள்ளைக்கு ‘அடுத்த வாரம் பார்க்கலாம்’ என்று தள்ளிப்போவது எளிது. முதல் ஊசி பிடிக்காதவர்களைக் காக்க வேண்டிய இரண்டாம் தவணை தவறும் இடம் அதுதான். கிழக்குக் கடற்கரைச் சாலையில் பேருந்து ஏறினால் அதே பிள்ளை அன்றே சென்னையில் இருக்கும். பெருநகரின் எதிர்ப்பாற்றல் மாநகராட்சி எல்லையோடு முடிவதில்லை. நகருக்குள்ளும் சராசரி ஏமாற்றும்: 2022-இல் மும்பையில் தட்டம்மை வெடித்தபோது கோவண்டி போன்ற நெருக்கடியான குடிசைப் பகுதிகள்தான் முதலில் அடிவாங்கின, குழந்தைகள் இறந்தார்கள்.

‘ஊசி போட்ட பிள்ளைக்கும் வந்ததே, பிறகு எதற்கு ஊசி?’ என்பார்கள். மேலே சொன்ன கணக்கையே பாருங்கள். பாதுகாப்பில்லாத 193 பேரில் 143 பேர் ஊசி போட்டவர்கள்தான். ஆனால் அவர்கள் 950 பேரில் 143 பேர். ஊசி போடாத 50 பேரோ அத்தனை பேரும் ஆபத்தில். ‘மணல்வாரி அம்மை ஒரு தடவை வந்து போனால் உடம்புக்கு நல்லது’ என்ற பேச்சும் உண்டு. அது உண்மையல்ல. தட்டம்மை வந்த குழந்தைகள், மற்ற நோய்களுக்கு எதிராகச் சேர்த்து வைத்திருந்த எதிர்ப்புப் பொருட்களில் 11 முதல் 73 சதவீதம் வரை இழந்துவிடுவதாக 2019-இல் வெளியான ஆய்வு காட்டியது. வேப்பிலை கட்டித் தனியே படுக்க வைக்கும் நம் வழக்கம் நோயாளிக்கு ஓய்வு தருகிறது. ஆனால் தடிப்பு தெரிவதற்கு நான்கு நாள் முன்பிருந்தே கிருமி பரவுவதால், வேப்பிலை செருகும் நாளில் பக்கத்து வீட்டுக்கு அது போய்ச் சேர்ந்திருக்கும்.

கடலூர் தந்த பாடம் வீணாகவில்லை. ஆய்வாளர்கள் இரண்டாவது வாய்ப்பு வேண்டும் என்றார்கள். 2010 முதல் இந்தியத் திட்டத்தில் இரண்டாம் தவணை வந்தது. 2017 பிப்ரவரியில் ஒன்பது மாதம் முதல் 15 வயதுக்குட்பட்ட எல்லோருக்கும் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போடும் இயக்கம் தமிழகத்தில் தொடங்கியபோது வாட்ஸ்அப் வதந்திகள் பெற்றோரை மிரட்டின. அரசு கெடுவை நீட்டிக்க வேண்டியதாயிற்று. இரண்டு தவணையும் போட்டால் நூறில் 97 பேருக்குப் பாதுகாப்பு. இனி அரசு செய்ய வேண்டியது, பதிவேட்டை மட்டும் நம்பாமல் வார்டு வார்டாக, குப்பம் குப்பமாகக் குழந்தைகளின் ரத்த மாதிரியில் எதிர்ப்பாற்றலை அளந்து பார்ப்பது. உப்பளக் கரைகளில் வேலை முடியும் மாலை நேரத்தில் ஊசி முகாம் வைப்பது. பெற்றோர் செய்ய வேண்டியது இன்றே முடியும். தடுப்பூசி அட்டையை எடுத்து, 16 முதல் 24 மாதத்துக்கான தட்டம்மை-ரூபெல்லா இரண்டாம் தவணைக் கட்டத்தில் தேதி எழுதியிருக்கிறதா என்று பாருங்கள். காலியாக இருந்தால், ஐந்து வயது வரை அரசு ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகப் போட்டுக்கொள்ளலாம்.