ஏப்பத்திற்கும் இறையோ?

ஆவும் ஆடும் தின்ற புல்லை அவற்றின் இரைப்பையில் வாழும் நுண்ணுயிர்கள் சிதைக்குங்கால் மீதேன் என்னும் வாயு பிறக்கின்றது. அது பெரும்பாலும் ஏப்பமாகவே வெளிப்படும். கரியமில வாயுவைப்போல் நெடுங்காலம் நில்லாது, ஏறத்தாழ 12 ஆண்டுகளில் அது சிதைந்தொழியும். எனினும், நூறாண்டுக் கணக்கில், எடைக்கு எடை, 25 மடங்கிற்கு மேலாக உலகை வெப்புறச் செய்ய வல்லது.

நியூஜீலந்து நாட்டினின்று வெளிப்படும் இத்தகைய வாயுக்களிற் பாதியளவு வேளாண்மையின்பாற்பட்டது. ஆதலின் 2003-ஆம் ஆண்டில் அந்நாட்டு அரசாங்கத்தார், இதனைக் குறைக்கும் ஆராய்ச்சிக்காகக் கால்நடைகள்மீது சிறு வரியொன்று விதிக்கக் கருதினர். உழவர் அதனை ‘அபானவாயு வரி’ என்று எள்ளினர். எதிர்க்கட்சி அங்கத்தினராகிய ஷேன் ஆர்டெர்ன் என்பார் டிராக்டர் ஒன்றைப் பார்லிமெண்டு மாளிகைப் படிகளின்மீதே ஏற்றினார். வரி கைவிடப்பட்டது.

2022-இல் மீண்டும் ஒரு திட்டம் எழுந்தது. உழவர் சங்கங்களுடன் கூடி ஆராய்ந்த பின்னரே அஃது எழுந்ததெனினும், அவர் பரிந்துரைத்தவற்றுட் சிலவற்றை அரசாங்கத்தார் மாற்றினர். ஊர்தோறும் டிராக்டர்கள் வீதிக்கு வந்தன. 2023-இல் ஆட்சி மாறிற்று. 2024-இல் புதிய ஆட்சியினர் வேளாண்மையை அவ்வாயு விலைத் திட்டத்தினின்று விலக்குவதாக அறிவித்தனர்.

உழவர் கூறும் நியாயம் யாது? பாலும் இறைச்சியும் பிறநாட்டுச் சந்தையில் விலைபோகின்றன. அவ்விலையை நிருணயிப்பவர் தாமல்லர். ஆகவே வரிச்சுமையைக் கொள்வோர்மீது ஏற்றல் இயலாது. தாம் மந்தையைக் குறைப்பின் வேற்று நாட்டார் பெருக்குவர்; உலகிற்கு நன்மை யாதுமில்லை. ஏப்பத்தைக் குறைக்கும் எளிய வழியும் இன்னும் கைக்கு எட்டவில்லை என்பர். இவை புறக்கணிக்கத்தக்கன அல்ல.

ஆயின், பாதிச் சுமைக்குக் காரணமான தொழிலை முற்றும் விடுவிப்பின், எஞ்சிய குடிகளே முழுச்சுமையும் தாங்கல் வேண்டும். அதுவும் நீதியாமோ?

டென்மார்க்கு நாட்டார் வேறொரு வழி கண்டனர். 2024-இல் உழவர், தொழிலாளர், இயற்கைக் காவலர் முதலியோர் அரசாங்கத்தாரோடு ஒருங்கிருந்து உடன்பட்டனர். அதன்படி 2030 முதல் டன்னுக்கு 300 குரோனர் வரியாம். அதில் 60 சதவீதம் கழிக்கப்படும். தண்டிய பணம் வேளாண்மையைச் சீர்திருத்தவே திரும்பச் செல்லும்.

இவற்றால் நாம் அறிவது யாது? வரி சிறிதென்பதனால் மட்டும் குடிகள் அதற்கு இசையார். எதற்காகக் கொடுக்கின்றோம், கொடுத்தபின் பிழைக்க வழி உண்டோ என்னும் இரண்டிற்கும் விடை வேண்டும். அவ்விடை அளியாத வரி, எத்துணை நன்னோக்கம் உடையதாயினும், அடுத்த தேர்தல்வரையே வாழும்.