பேரிங் மாத்தியும் கிர்ர்னு சத்தமா? அடுத்த பில் கட்டுறதுக்கு முன்னாடி அரை மணி நேரம் ஒதுக்குங்க



வழக்கமா இங்க எஸ்ஐபி, டேக்ஸ், டேர்ம் இன்சூரன்ஸ்னு பேசுவோம். இன்னைக்கு ஒரு சத்தத்தைப் பத்திப் பேசப் போறோம். அந்தச் சத்தம் எனக்கு 18,000 ரூபாய் செலவு வைக்கப் பார்த்தது. கடைசியில் ஆன செலவு 300 ரூபாய். நடுவில் என்ன நடந்ததுன்னு தெரிஞ்சா, உங்க பணமும் மிஞ்சும், ஒருவேளை உயிரும் மிஞ்சும்.

என்னோடது செகண்ட் ஹேண்ட் ஹேட்ச்பேக். போன ஜனவரியில் முன் சக்கரம் ரெண்டுலயும் ஊன்னு ஒரு இரைச்சல். தஞ்சாவூர்ல ஒரு ஒர்க்‌ஷாப்ல விட்டேன். ரெண்டு பக்கமும் வீல் பேரிங் மாத்தினாங்க. பேரிங் 3,200, லேபர் 2,400, அலைன்மென்ட் 600, மொத்தம் 6,200 ரூபாய். இரைச்சல் போச்சு. ரெண்டு நாள் கழிச்சு, பறவை பார்க்கலாம்னு நண்பர்களோட கோடியக்கரைக்குக் கிளம்பினோம். மன்னார்குடி, திருத்துறைப்பூண்டி, வேதாரண்யம்னு நூறு கிலோமீட்டருக்கு மேல.

அகஸ்தியம்பள்ளி தாண்டி, ரெண்டு பக்கமும் உப்பளம். அங்கதான் ஆரம்பிச்சது. கிர்ர்... கிர்ர்... இரும்பை இரும்பு தேய்க்கிற மாதிரி. கோடியக்கரை போய்ச் சேர்றதுக்குள்ள வயிறு கலங்கிடுச்சு. ஒர்க்‌ஷாப்புக்கு போன் போட்டேன். "பேரிங் புதுசு சார், அதுல வராது. கியர்பாக்ஸா இருக்கும். கொண்டாங்க, 18,000 கிட்ட ஆகும்"னு பதில். காரைப் பார்க்காமலே!

என் கிட்ட கையில அவ்வளவு இல்ல. கிரெடிட் கார்டு இருக்குன்னு மனசு சொல்லுச்சு. நண்பன்தான், "முதல்ல வேதாரண்யத்துல யாராவது பார்க்கட்டும்டா"ன்னான். மெதுவா ஓட்டிக்கிட்டுப் போனோம். அங்க ஒரு வயசான மெக்கானிக். கூட உட்கார்ந்து கொஞ்ச தூரம் வந்தார்.

"தம்பி, பேரிங் போனா ஊன்னு ஊளையிடும். இது தகரம் உரசுற சத்தம்"னு சொல்லிட்டு, வலது சக்கரத்தைக் கழட்டினார். பிரேக் டிஸ்க்குக்குப் பின்னாடி ஒரு மெல்லிசு தகடு இருக்கும், தூசி தடுப்பு. வேலை செஞ்சப்ப அது வளைஞ்சு டிஸ்க்கை உரசிட்டிருந்தது. ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி விட்டார். சத்தம் நின்னுடுச்சு.

நான் காசு எடுக்கப் போனேன். "இருங்க தம்பி, அந்தப் பக்கமும் பார்த்துடுவோம்"னார். சத்தமே இல்லாத இடது சக்கரத்தைத் தூக்கி, மேலயும் கீழயும் பிடிச்சு ஆட்டினார். லொட லொடன்னு ஆடுச்சு. ஆக்சில் நட்டு சரியா முறுக்கப்படல. "தகரம் உரசுனது காதுக்குத்தான் தொல்லை. இது உசுருக்கே தொல்லை"ன்னார்.

அன்னைக்கு ஒண்ணு புரிஞ்சது. சத்தம் வந்தா பார்ட் மாத்தக் கூடாது, காரணம் தேடணும். சத்தம் இல்லைன்னா பத்திரம்னும் அர்த்தம் இல்லை.

முதல்ல, பேரிங்னா என்ன?

சக்கரம் சுத்துது, கார் சுத்தல. இந்த ரெண்டுக்கும் நடுவில் இருக்கிறதுதான் வீல் பேரிங். பழைய கார்கள் பலதுல டேப்பர் ரோலர் பேரிங், கிரீஸ் வெச்சு அட்ஜஸ்ட் பண்ணுவாங்க. இப்போ வர்ற பெரும்பாலான சின்ன கார்கள்ல முன்னாடி சீல் பண்ணின பேரிங். நக்கிள்ங்கிற இரும்புப் பாகத்துக்குள்ள பிரஸ் வெச்சு அழுத்தி ஏத்தணும். அதுக்குள்ள ஹப். கடைசியா ஆக்சில் நட்டு எல்லாத்தையும் இறுக்கிப் பிடிக்குது. ஆக, பார்ட் நல்லதா இருந்தா மட்டும் போதாது, ஏத்தின விதமும் நல்லா இருக்கணும்.

சத்தத்தைப் பிரிச்சுக் கேளுங்க

ரேடியோ, ஏசி ஆஃப். ஜன்னலை இறக்குங்க. ஆள் இல்லாத நேரான ரோட்டுல இதைக் கவனிங்க:

1. தகரம் உரசுற கிர்ர், சக்கரம் சுத்துற வேகத்துக்கு ஏத்த மாதிரி: தூசி தடுப்புத் தகடு, இல்லைன்னா தகட்டுக்கும் டிஸ்க்குக்கும் நடுவில் மாட்டின சின்னக் கல். பேரிங் மாத்தின உடனே வர்ற சத்தத்துக்கு முதல்ல பார்க்க வேண்டியது இதுதான், ஏன்னா கழட்டி மாட்டும்போது சுலபமா வளையும். செலவு பெரும்பாலும் கை வேலை மட்டும்.

2. காலையில் முதல் சில பிரேக்குல மட்டும் சொரசொர, அப்புறம் காணோம்: டிஸ்க்ல ராத்திரி பிடிச்ச துரு. கடலோரத்துல, உப்புக் காத்துல இது சகஜம். பிரேக் தேய்ச்சே சுத்தம் பண்ணிடும். செலவு சுழியம்.

3. பிரேக் பிடிக்கும்போது மட்டும், ஒவ்வொரு தடவையும்: பிரேக் பேட் தேஞ்சிருக்கலாம், தப்பா மாட்டியிருக்கலாம். பத்து கிலோமீட்டர் ஓட்டிட்டு, தொடாம, ஒவ்வொரு சக்கரத்துக்கிட்டயும் கையைக் கொண்டு போய்ப் பாருங்க. ஒண்ணு மட்டும் அனலா அடிச்சா, அந்தப் பக்கம் பிரேக் விடாம பிடிச்சுக்கிட்டிருக்கு.

4. ஊன்னு இரைச்சல், வேகம் கூடக் கூட கூடுது: இதுதான் பேரிங் ஜாதகம். வேகத்துல நியூட்ரலுக்குத் தள்ளிப் பாருங்க. இன்ஜின் சத்தம் குறைஞ்சும் இரைச்சல் அப்படியே இருந்தா, இன்ஜின் பக்கம் சந்தேகம் குறையும். நீளமான இடது வளைவுல எடை வலது சக்கரத்துக்குப் போகும். அப்போ இரைச்சல் கூடினா வலது பக்கம் சந்தேகம். வலது வளைவுல கூடினா இடது.

5. ரோடு மாறினா சத்தமும் மாறுது: தார் ரோட்டுல ஒண்ணு, சிமெண்ட் ரோட்டுல வேற. இது டயர் மேடு பள்ளமா தேஞ்ச சத்தமா இருக்கலாம். முன் டயரைப் பின்னாடி மாத்திப் போடுங்க. சத்தமும் பின்னாடி போனா டயர்தான். பேரிங்னு நினைச்சு மாத்திட்டு, அப்புறமும் சத்தம் போகாத பல கேஸ் இதுதான்.

6. ஸ்டீயரிங்கை முழுசா ஒடிச்சு ஆக்சிலேட்டர் கொடுத்தா டக் டக்: ஆக்சில் சிவி ஜாயிண்ட். பேரிங் இல்ல.

தூக்கி ஆட்டிப் பாருங்க

சமதளத்துல நிறுத்தி, ஹேண்ட் பிரேக் போட்டு, பின் சக்கரத்துக்குக் கல் கொடுங்க. ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் கை வைக்காதீங்க, ஸ்டாண்ட் கட்டாயம். பழக்கம் இல்லைன்னா மெக்கானிக்கைச் செய்யச் சொல்லி, பக்கத்துல நின்னு பாருங்க.

சக்கரத்தை மேலயும் கீழயும், கடிகாரத்துல 12, 6 இருக்கிற இடத்துல பிடிச்சு ஆட்டுங்க. ஆட்டம் இருந்தா பேரிங், ஆக்சில் நட்டு, பால் ஜாயிண்ட் சந்தேகம். ரெண்டு பக்கமும், 9, 3 இடத்துல பிடிக்கும்போது மட்டும் ஆடினா ஸ்டீயரிங் டை ராடு சந்தேகம். அப்புறம் நியூட்ரல்ல சக்கரத்தைச் சுத்தி விட்டு, இன்னொரு கையால் சஸ்பென்ஷன் ஸ்ப்ரிங்கைத் தொடுங்க. மணல் அரைக்கிற மாதிரி அதிர்வு கையில் தெரிஞ்சா, பேரிங்தான் அரைக்குது.

புதுப் பேரிங் ஏன் உடனே போகுது?

மூணு காரணம் அடிக்கடி வரும்.

ஒண்ணு, சுத்தியல். பேரிங்கை நக்கிளுக்குள்ள ஏத்தும்போது வெளி வளையத்தை அழுத்தணும். ஹப்பை ஏத்தும்போது உள் வளையத்துக்கு முட்டுக் கொடுக்கணும். மாத்தி அழுத்தினாலோ, சுத்தியலால் அடிச்சாலோ, விசை குண்டுகள் வழியா போய் ஓடுபாதையில் குழி விழும். கண்ணுக்குத் தெரியாது, கொஞ்ச நாள்ல ஊளையிடும். பிரஸ் இல்லாத மெக்கானிக் நக்கிளை லேத் பட்டறைக்குக் கொண்டு போறாரான்னு கேளுங்க.

ரெண்டு, ஆக்சில் நட்டு. ஒவ்வொரு காருக்கும் சர்வீஸ் மேனுவல்ல அளவு இருக்கு, டார்க் ரெஞ்ச் வெச்சு முறுக்கணும். கை அளவு போதாது. பல கார்கள்ல அந்த நட்டை மறுபடி பயன்படுத்தக் கூடாது, புதுசு போடணும்.

மூணு, தேஞ்ச ஹப். பேரிங் உட்கார்ற இடமே தேஞ்சிருந்தா, புதுசு போட்டும் ஆடும்.

பேரிங் மாத்தின பிறகு ஏபிஎஸ் லைட் எரிஞ்சா அதையும் சாதாரணமா விடாதீங்க. பல பேரிங்குகள்ல ஒரு பக்க சீல்ல காந்த வளையம் இருக்கும், சென்சார் அதைத்தான் படிக்கும். திருப்பிப் போட்டா லைட் எரியும். இந்தியாவில் 2019 ஏப்ரல்ல இருந்து எல்லாப் புதுக் கார்கள்லயும் ஏபிஎஸ் கட்டாயம், அதனால உங்க கார்லயும் இருக்க வாய்ப்பு அதிகம்.

எப்போ ஓட்டவே கூடாது?

சக்கரத்துல ஆட்டம், ஸ்டீயரிங்ல அதிர்வு, கருகின வாசனை, ஒரு சக்கரம் மட்டும் அனல், பிரேக் பெடல் வழக்கத்தை விட ஆழமா போறது. இதுல எது இருந்தாலும் நிறுத்துங்க, டோ பண்ணுங்க. டோவிங் காசை மிச்சம் பிடிக்கிற இடம் இது இல்ல.

இப்போ பணக் கணக்கு

வேதாரண்யம் மெக்கானிக் டார்க் ரெஞ்ச் வெச்சு நட்டை முறுக்கினார். வாங்கினது 300 ரூபாய். "ரெண்டு நாள் லூசா ஓடின பேரிங் தம்பி, நம்பாதீங்க, போய்த் திரும்பப் பார்க்கச் சொல்லுங்க"ன்னும் சொன்னார். தஞ்சாவூர் ஒர்க்‌ஷாப்புக்குப் போனேன். முதல்ல மழுப்பினாங்க. என் கையில தேதியும் கிலோமீட்டரும் போட்ட பில் இருந்தது. ஆட்டத்தை வீடியோவும் எடுத்திருந்தேன். இடது பேரிங்கைக் காசு வாங்காம மாத்திக் கொடுத்தாங்க. பில் இல்லைன்னா இது நடந்திருக்காது.

அதனால நாலு விஷயம்:

பில் வாங்குங்க. பார்ட் பெயர், கம்பெனி, கிலோமீட்டர், வேலைக்கான வாரண்டி எல்லாம் எழுதச் சொல்லுங்க. பில் தர மறுக்கிறது 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முறையற்ற வணிக நடைமுறை. ஒத்து வரலைன்னா 1915 தேசிய நுகர்வோர் உதவி எண். மாவட்ட ஆணையத்துல 2 வருஷத்துக்குள்ள புகார் கொடுக்கலாம். 5 லட்சம் ரூபாய் வரைக்கும் கட்டணம் இல்லை.

பழைய பார்ட்டைக் கேட்டு வாங்குங்க. மாத்தினாங்களான்னு தெரியும், எப்படித் தேஞ்சதுன்னும் தெரியும்.

இன்சூரன்ஸை நம்பாதீங்க. வழக்கமான கார் பாலிசியில் தேய்மானமும் மெக்கானிக்கல் பழுதும் கவர் ஆகாது. இது உங்க பாக்கெட்தான்.

காருக்குன்னு தனி உண்டியல் வைங்க. சம்பளம் வந்த அன்னைக்கே 1,500 ரூபாய் தனி அக்கவுண்ட்டுக்கோ ஆர்டிக்கோ போகட்டும். வருஷத்துக்கு 18,000. எமர்ஜென்சி ஃபண்டைத் தொட வேண்டாம். பல கிரெடிட் கார்டுகள்ல நிலுவைக்கு மாசம் 3 சதவீதத்துக்கு மேல வட்டி. 18,000 ரூபாயைத் தேய்ச்சிட்டு மினிமம் டியூ மட்டும் கட்டினா, முதல் மாசமே 540 ரூபாய்க்கு மேல வட்டி மட்டும். பார்க்காமலே சொன்ன ஒரு கியர்பாக்ஸுக்காக!

பணம் கையில் இல்லாதவன்தான் பயத்துல சரின்னு சொல்லுவான். உண்டியல் இருந்தா, "முதல்ல கழட்டிக் காட்டுங்க அண்ணே, அப்புறம் பேசலாம்"னு நிதானமா கேட்க முடியும்.

நான் சக்கரத்தை ஆட்டிக் காட்டுற வீடியோ சேனல்ல இருக்கு. பேரிங் மாத்தி நூறு கிலோமீட்டர் ஓட்டினவங்க, இந்த ஞாயிற்றுக்கிழமை வீல் நட்டையும் ஒரு தடவை செக் பண்ணிடுங்க. அடுத்த வாரம் பார்ப்போம்!