மூக்கில்லாமல் மோப்பம் பிடிக்கும் வெள்ளீயம்!

பித்தளைப் பாத்திரத்துக்கு ஈயம் பூசுவார்களே, பார்த்திருக்கிறீர்களா? அதற்குப் பயன்படும் உலோகம் வெள்ளீயம். இது ஆக்சிஜனுடன் சேர்ந்தால் வெள்ளீய ஆக்சைடு என்ற வெண்ணிறப் பொடி கிடைக்கும். சமையல் கேஸ் கசிந்தால் அலறும் கருவிகள் பலவற்றில் மூக்காக இருப்பது இந்தப் பொடிதான்!

பொடிக்கு ஏது மூக்கு?

காலை வழிபாட்டில் நீங்கள் வரிசையாக நிற்பீர்கள் அல்லவா? அதுபோல இந்தப் பொடியில் வெள்ளீய அணுக்களும் ஆக்சிஜன் அணுக்களும் வரிசையாக நிற்கின்றன. ஆனால், அங்கங்கே ஓர் ஆக்சிஜன் 'ஆப்சென்ட்'! இந்தக் காலி இடத்தைத்தான் விஞ்ஞானிகள் 'குறை' என்கிறார்கள். குறை உள்ள இடத்தில் எலக்ட்ரான்கள் மிச்சமாகும். அவற்றால்தான் பொடியில் மின்சாரம் ஓடுகிறது.

காற்றிலுள்ள ஆக்சிஜன் மூலக்கூறுகள் இத்தகைய இடங்களில் ஒட்டிக்கொண்டு எலக்ட்ரான்களைப் பிடித்துக்கொள்ளும். மின்சாரம் குறையும். கேஸ் கசிந்து வந்தால், ஒட்டியிருக்கும் ஆக்சிஜனோடு சேர்ந்து நீராவியாகவும் கரியமில வாயுவாகவும் மாறிப் பறந்துவிடும். எலக்ட்ரான்களுக்கு விடுதலை! மின்சாரம் கூடும், உடனே மணி ஒலிக்கும். இதெல்லாம் வேகமாக நடக்க, கருவியில் உள்ள குட்டி ஹீட்டர் பொடியைச் சூடாகவே வைத்திருக்கும்.

ஜப்பானைச் சேர்ந்த நவோயோஷி தகுச்சி இம்முறைக்கு 1962-ல் காப்புரிமை கோரினார்.

நம் கல்பாக்கத்தில்...

கல்பாக்கம் இந்திரா காந்தி அணு ஆராய்ச்சி மையத்தில் 1985-ல் இயங்கத் தொடங்கிய சோதனை அணு உலையை, உருகிய சோடியம் குளிர்விக்கிறது. சோடியத்தில் தண்ணீர் பட்டால் ஹைட்ரஜன் வரும், ஆபத்து! அந்த ஹைட்ரஜனை உடனே கண்டுபிடிக்க, வெள்ளீய ஆக்சைடு படலத்தால் ஆன உணர்வியை அங்குள்ள விஞ்ஞானிகளே உருவாக்கினார்கள்.

உங்கள் வீட்டில்?

ஆரம்பாக்கம் போன்ற பழவேற்காடு ஏரிக்கரை ஊர்களில் பல வீடுகளில் இக்கருவி இருக்காது. நம் மூக்குதான் கருவி! சமையல் கேஸுக்கு இயல்பில் வாடை கிடையாது. கசிவை நாம் அறியவே மெர்காப்டன் என்ற பொருளைக் கலக்கிறார்கள். ஆனால், சளி பிடித்தாலோ, கருவாட்டு வாடையிலோ மூக்கு ஏமாறலாம். கேஸ் காற்றைவிடக் கனமானது, தரையோடு தேங்கும்.

கேஸ் வாடை வந்தால் தீக்குச்சி உரசாதீர்கள். சுவிட்சைப் போடவும் வேண்டாம், அணைக்கவும் வேண்டாம். பெரியவர்களிடம் சொல்லி ரெகுலேட்டரை மூடி, கதவு ஜன்னல்களைத் திறக்கச் செய்யுங்கள். வெளியே வந்தபின் 1906 என்ற எண்ணுக்குப் போன் செய்யலாம். இந்த எண்ணை இன்றே அடுப்படிச் சுவரில் எழுதி ஒட்டுங்கள், சரியா?