மரத்தக்காளி: அந்தீஸ் மலைநாட்டுப் போசாக்குக் கனி

தென் அமெரிக்காவின் மேற்குப் புறத்தே வடக்குத் தெற்காக நீண்டு கிடப்பது அந்தீஸ் மலைத்தொடர். உருளைக்கிழங்கை உலகுக்கு அளித்த அம்மலைநாடே மரத்தக்காளிக்கும் தாயகமாகும். தக்காளி, கத்தரி ஆகியவற்றின் குடும்பத்தைச் சேர்ந்ததாயினும், இது ஆண்டுதோறும் நடப்படும் செடியன்று; ஆளுயரத்துக்கு மேல் வளர்ந்து பல ஆண்டுகள் காய்க்கும் சிறு மரமாகும். முட்டை வடிவான இதன் பழம் செந்நிறமாகவோ மஞ்சள் நிறமாகவோ பழுக்கும். நியூசிலாந்தினர் 1967 ஆம் ஆண்டில் இதற்குத் ‘தமரில்லோ’ என்னும் வணிகப் பெயரைச் சூட்டினர். இலங்கையின் மலைநாட்டிலும் இம்மரம் வளர்கின்றது.

அந்தீஸ் மக்கள் உண்ணும் முறை

எக்குவடோரிலும் கொலம்பியாவிலும் இப்பழத்தின் சதையை நீரும் சீனியும் சேர்த்துக் கரைத்து, விதைகளை வடித்துப் பானமாக அருந்துவர். எக்குவடோரில் இதனை மிளகாயுடன் அரைத்து, வெங்காயஞ் சேர்த்து, நம்முடைய சம்பலைப் போல உணவுடன் தொட்டு உண்பர். அங்கே இது மருந்தன்று, அன்றாட உணவாகும். இப்பழத்தின் பயனும் அதிலேயே அடங்கியுள்ளது.

பழத்திலுள்ள சத்துக்கள்

பழத்தின் பெரும்பகுதி நீர். 100 கிராம் சதையில் ஏறக்குறைய 30 மில்லிகிராம் உயிர்ச்சத்து சீ உண்டு. வளர்ந்த ஒருவருக்கு நாளொன்றுக்கு 45 மில்லிகிராம் போதுமென உலக சுகாதார நிறுவனம் விதந்துரைத்துள்ளது. ஆகவே இரண்டு பழங்கள் அத்தேவையின் பெரும்பகுதியை நிறைவேற்றும். உடலில் உயிர்ச்சத்து ஏ ஆக மாறும் கரோற்றீனும், பொற்றாசியமும், மலச்சிக்கலைத் தடுக்கும் நார்ப்பொருளும் இதில் உண்டு.

சோறு, பருப்பு, கீரை ஆகியவற்றையே பெரிதும் உண்ணுங் குடும்பங்களுக்கு உயிர்ச்சத்து சீ இன்றியமையாதது. தாவர உணவிலுள்ள இரும்புச்சத்து உடலில் எளிதிற் சேர்வதில்லை; அதே வேளை உணவுடன் உயிர்ச்சத்து சீ சேரின், அது மிகுதியாக உறிஞ்சப்படும். இரத்தச் சோகைக்கு எளிதில் ஆளாகும் கர்ப்பிணிகளும் சிறுவர்களும் இதனாற் பயனடைவர். உணவு உண்டவுடன் தேநீர் அருந்துவது இப்பயனைக் குறைத்துவிடும். ஒரு மணித்தியாலம் கழித்து அருந்துவதே நன்று.

உண்ணவேண்டிய முறை

நன்கு பழுத்த பழங்களையே உண்ணுதல் வேண்டும். பச்சைக் காய்களை உண்ணலாகாது. தோல் கசப்பானது. கொதிநீரில் ஓரிரு நிமிடம் இட்டெடுத்தால் அது எளிதில் உரிந்துவிடும். நெடுநேரம் சமைப்பின் உயிர்ச்சத்து சீ அழியுமாதலால், பச்சையாகச் சம்பலாக்கி உண்பதே சிறந்தது. சிறிது தேங்காய்ப்பூ சேர்த்தால், அதிலுள்ள கொழுப்பு கரோற்றீன் உடலிற் சேர உதவும். பானத்துக்குச் சீனியை அளவாகவே சேர்த்தல் வேண்டும்.

இப்பழம் எந்நோயையும் மாற்றும் மருந்தன்று. நீரிழிவு, இரத்த அழுத்தம் ஆகியவற்றுக்கு வைத்தியர் தந்த மருந்தை இதனை நம்பி நிறுத்தலாகாது. பொற்றாசியத்தைக் குறைக்குமாறு கூறப்பட்ட சிறுநீரக நோயாளர் வைத்தியரைக் கேட்ட பின்னரே உண்ணுதல் வேண்டும்.

எங்கே நடலாம்?

மரத்தக்காளி குளிர்ந்த மலைப்பகுதிக்குரிய பயிர். வெப்பமான தாழ்நிலத்தில் இது நன்றாகக் காய்ப்பதில்லை. ஆதலால் நெற்பிரதேசக் கமக்காரர், புதுமைப் பழம் என்னும் விளம்பரத்தை நம்பி இக்கன்றுகளுக்குப் பணஞ் செலவிடவேண்டியதில்லை. அவர்களது வளவில் நிற்கும் கொய்யாவின் பழத்தில் உயிர்ச்சத்து சீ இதனிலும் பன்மடங்கு மிகுதியாக உண்டு.

மலைநாட்டு மரக்கறிச் செய்கையாளர் வீட்டோரத்தில் இரண்டொரு மரங்களை நடலாம். வேர்கள் ஆழமாகச் செல்லாதவையாதலால், காற்று மறைவான, நீர் தேங்காத இடத்தைத் தெரிவுசெய்க. விதையிலிருந்து வளர்ந்த மரம் ஏறக்குறைய இரண்டு ஆண்டுகளிற் காய்க்கும். விற்பனைக்காகப் பயிரிட எண்ணுவோர், முதலில் தமது பகுதி விவசாயப் போதனாசிரியரின் ஆலோசனையையும் சந்தை நிலையையும் அறிந்துகொள்க.

முதற் பழங்கள் சந்தைக்கன்றி உங்கள் பிள்ளைகளின் உணவுக்கே செல்லட்டும்.