கெட்டிக்காரிதான், ஆனால்...

பள்ளிக்கூடத்து ரிப்போர்ட்டுகளில் அடிக்கடி ஒரு வாக்கியம் காணப்படும். "கெட்டிக்காரிதான், ஆனால் கவனம் போதாது." அந்த 'ஆனால்' சிலரை ஆயுள் முழுவதும் துரத்திக் கொண்டே வருகிறது. அடுப்பில் பாலை வைத்துவிட்டு மறப்பவள், சாவியைத் தினமும் தேடுபவள், கல்யாண வீட்டில் அரை மணி இருந்தாலே தலையைப் பிடித்துக்கொண்டு மூலையில் ஒதுங்குபவள் - இவர்களுக்கெல்லாம் உலகம் தாராளமாகப் பட்டங்கள் வழங்கியிருக்கிறது. சோம்பேறி, பொறுப்பில்லாதவள், கர்வி, அழுத்தக்காரி!

பாலைப் பொங்கவிட்டவர்கள் எல்லோரும் டாக்டரிடம் ஓட வேண்டும் என்று சொல்ல வரவில்லை. அப்படியானால் ஊரில் பாதிப் பேர் அங்கேதான் நிற்க வேண்டியிருக்கும். ஆனால் சிலருக்கு இது என்றோ ஒரு நாள் நேரும் மறதி அல்ல. சிறு வயது முதல் வீட்டிலும், பள்ளியிலும், ஆபீஸிலும் கூடவே வருவது. கவனம் ஓரிடத்தில் நில்லாமையை ஏ.டி.எச்.டி. என்கிறார்கள். பிறரோடு பழகும் விதமும், ஒலி, ஒளி, தொடுகையை உணரும் விதமும் வேறாக இருப்பதை ஆட்டிசம் என்கிறார்கள். இரண்டுமே மூளை வளரும் விதத்தில் அமைந்தவை. வளர்ப்பின் குற்றமும் அல்ல, மனத்தின் திமிரும் அல்ல.

குழந்தைகள் வளர மாட்டார்களா?

புத்தி இருந்தும் கவனம் நில்லாத குழந்தைகளைப் பற்றி 1902-ல் லண்டனில் ஜார்ஜ் ஸ்டில் என்ற டாக்டர் பிரசங்கம் செய்தார். 1943-ல் அமெரிக்காவில் லியோ கானர் 11 குழந்தைகளைப் பற்றி எழுதி, ஆட்டிசத்தை உலகுக்கு அறிமுகம் செய்தார். அந்தக் குழந்தைகளும் ஒரு நாள் நாற்பது வயதுப் பெரியவர்கள் ஆவார்கள் என்பது வைத்திய உலகத்துக்கு உறைக்க வெகுகாலம் ஆயிற்று. இவையெல்லாம் ஆண் குழந்தைகளுக்கு வருபவை என்ற எண்ணமும் வேரூன்றிவிட்டது. வகுப்பில் மேஜை மீது ஏறிக் குதிக்கும் பையன் எல்லோர் கண்ணிலும் படுவான். ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருக்கும் பெண்ணை, "பரம சாது" என்று விட்டுவிடுவார்கள்.

இங்கிலாந்தில் இந்த நிலையை மாற்றப் பாடுபட்டவர்களில் டாக்டர் லோர்னா விங் முக்கியமானவர். மனநல மருத்துவர், அதற்கும் மேலாக, ஆட்டிசம் உள்ள ஒரு பெண்ணின் தாயார். 1962-ல் மற்றப் பெற்றோர்களுடன் சேர்ந்து ஒரு சங்கம் அமைத்தார். இது ஒரே அச்சில் வார்த்தது அல்ல, வானவில் போல் பல சாயல்கள் கொண்டது என்ற கருத்தை நிலைநாட்டியவர் அவர். பேசத் தெரிந்த, படித்த, வேலை பார்க்கிற பெரியவர்களுக்கும் அது இருக்கலாம் என்று 1981-ல் எழுதினார். 2009-ல் இங்கிலாந்தில் ஆட்டிசம் உள்ள பெரியவர்களுக்கென்றே ஒரு சட்டம் வந்தது. பெரியவர்களை எப்படிப் பரிசோதிக்க வேண்டும் என்ற அரசாங்க வழிமுறை 2012-ல் வெளியாயிற்று. 2013 வரை அமெரிக்க மனநல நூலின்படி, ஒருவருக்கு ஆட்டிசம் என்று எழுதிவிட்டால் ஏ.டி.எச்.டி. என்றும் எழுதக் கூடாது! அந்த வருஷம்தான் இரண்டும் ஒருவரிடமே இருக்கலாம் என்று ஒப்புக்கொண்டார்கள்.

காயத்தின் மேல் கேள்விகள்

தன் குழந்தையைப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்ற இடத்தில், டாக்டர் கேட்கும் ஒவ்வொரு கேள்விக்கும், "அட, இது நான் அல்லவா?" என்று மனத்துக்குள் திடுக்கிடும் தாய்மார்கள் உண்டு. பிறகு தைரியத்தை வரவழைத்துக்கொண்டு தனக்காகவும் போய்க் கேட்கிறார்கள். அங்கேதான் ஒரு சங்கடம்.

இதற்கு ரத்தப் பரிசோதனை கிடையாது. படம் பிடித்துப் பார்க்கும் கருவியும் கிடையாது. வாழ்க்கைக் கதையைக் கேட்டுத்தான் முடிவு சொல்ல வேண்டும். ஏ.டி.எச்.டி. என்றால் 12 வயதுக்கு முன்பே அறிகுறிகள் இருந்திருக்க வேண்டும். ஆகவே, "சிறு வயதில் எப்படி இருந்தீர்கள்? அம்மாவை அழைத்து வர முடியுமா?" என்று கேட்கிறார்கள். கேள்வி எளிதுதான். ஆனால் அடியும் வசையுமாக வளர்ந்தவளுக்கு? அந்த அம்மாவின் முகத்தில் விழிக்கவே அஞ்சுகிறவளுக்கு? ஒரு மணி நேரத்தில் பழைய காயங்களையெல்லாம் கிளறிவிட்டு, "சரி, கடிதம் வரும்" என்று அனுப்பினால், அவள் அன்று இரவு எப்படித் தூங்குவாள்?

இன்னொரு சிக்கலும் உண்டு. பெரிய அதிர்ச்சிக்கு ஆளானவர்களுக்கும் கவனம் சிதறும், தூக்கம் கெடும், சிறு சத்தத்துக்கும் உடல் தூக்கிவாரிப் போடும். அதனால் இரண்டு விதத் தவறுகள் நேருகின்றன. எல்லாம் பழைய துக்கத்தின் விளைவுதான் என்று சொல்லி, பிறவி இயல்பைப் பார்க்காமல் விடுவது ஒன்று. எல்லாம் பிறவி இயல்புதான் என்று சொல்லி, துக்கத்தைக் கேட்காமல் விடுவது இன்னொன்று. தேர்ந்த டாக்டர் நிதானமாக விசாரிப்பார். இது எப்போது ஆரம்பித்தது? குறிப்பிட்ட சம்பவத்துக்குப் பிறகா, அதற்கு முன்பேவா? கதவு அறையும் சத்தம் ஒரு பழைய பயத்தை நினைவூட்டுகிறதா, அல்லது மிக்ஸி சத்தமும் அப்படியே காதைக் குத்துகிறதா? பல சமயம் இரண்டும் பின்னிக் கிடக்கும். மற்றவர்களைப் போல் இல்லாத குழந்தைதானே வீட்டிலும் பள்ளியிலும் அதிகம் அடி வாங்குகிறது!

நல்ல பரிசோதனை எப்படி இருக்கும்?

என்ன கேட்கப் போகிறார்கள் என்பதை முன்கூட்டியே சொல்லிவிடுவார்கள். அறை அமைதியாக இருக்கும். கண்ணைக் கூசும் விளக்கைத் தணிக்கச் சொல்லலாம். நடுவில் எழுந்து போய்த் தண்ணீர் குடித்துவிட்டு வரலாம். முகத்தைப் பார்த்துப் பேசு என்று யாரும் கட்டாயப்படுத்த மாட்டார்கள். வாயால் சொல்ல முடியாததை எழுதிக் கொடுக்கலாம். "இதைப் பற்றி இன்று பேச விருப்பமில்லை" என்றால் அந்தப் பேச்சு அங்கேயே நிற்கும். தாயாரை அழைத்துவர முடியாவிட்டால் அக்காவோ, கணவரோ, பழைய ரிப்போர்ட்டுகளோ போதும்.

பத்துக் கேள்விப் பட்டியலை மட்டும் வைத்துக்கொண்டு தீர்ப்புச் சொல்ல மாட்டார்கள். அந்தப் பட்டியல் கதவைத் தட்டுவதற்குத்தான். உள்ளே போய்ப் பார்க்க ஆள் வேண்டும். தைராய்டு, தூக்கக் குறைவு, மனச்சோர்வு, மாதவிலக்கு நிற்கும் பருவத்து மாறுதல்கள் எல்லாவற்றையும் விசாரிப்பார்கள். ஒரு பெண் இனிமையாகச் சிரித்துப் பேசுகிறாள் என்பதற்காக, "உங்களுக்கா? இருக்கவே இருக்காது!" என்று சொல்ல மாட்டார்கள். அந்தச் சிரிப்பை அவள் கண்ணாடி முன் நின்று பழகியிருக்கலாம். வீடு திரும்பியதும் கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடலாம்.

இவ்வளவும் இங்கிலாந்தில் எல்லோருக்கும் கிடைத்துவிடுகிறதா என்றால், இல்லை. மூன்று மாதத்துக்குள் ஆட்டிசப் பரிசோதனை தொடங்க வேண்டும் என்பது அங்கே வழிமுறையின் பரிந்துரை. பல இடங்களில் வருஷக் கணக்கில் காத்திருக்கிறார்கள். நம் நாட்டில் 2016-ஆம் வருஷத்து மாற்றுத் திறனாளிகள் சட்டம் எண்ணிச் சொல்லும் 21 வகைகளில் ஆட்டிசமும் இருக்கிறது, ஏ.டி.எச்.டி. தனியாக இல்லை.

தெரிந்து என்ன ஆகப் போகிறது?

வீட்டுப் பெரியவர்கள் கேட்கும் கேள்வி இது. ஏ.டி.எச்.டி.க்குப் பலருக்குப் பயன் தரும் மருந்துகள் இருக்கின்றன. ஆட்டிசத்தை மாற்ற மருந்து இல்லை, மாற்றவும் வேண்டியதில்லை. வீட்டுச் சத்தத்தையும் வேலை நேரத்தையும் ஆளுக்கு ஏற்ப மாற்றிக் கொள்ளலாம். பதில் 'இல்லை' என்று வந்தாலும், அவள் படும் கஷ்டம் பொய்யாகிவிடாது. வேறு எங்கே உதவி கிடைக்கும் என்று சொல்லித்தான் அனுப்ப வேண்டும்.

'ஆம்' என்று வந்தால் முதலில் நிம்மதி வரும். பின்னாலேயே அழுகையும் வரும். "பத்து வயதில் தெரிந்திருந்தால் அத்தனை அடி வாங்கியிருக்க மாட்டேனே" என்ற அழுகை அது. அந்தச் சமயத்தில் பக்கத்தில் இருப்பவர்கள், "இத்தனை நாள் நன்றாகத்தானே இருந்தாய்?" என்று கேட்காமல் இருப்பதே பெரிய உதவி. நன்றாக இருந்ததாகக் காட்டிக்கொள்ள அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்பது நமக்குத் தெரியாது. அதை அவளாகச் சொல்லும்போது, குறுக்கே பேசாமல் கேட்டுக் கொள்ளுங்கள்.