பிக்கப் வண்டியில் ஒரு பிளக் பாயிண்ட்

போடிநாயக்கனூரிலிருந்து எழுதியிருக்கும் வாசகர் ஒருவர், முந்தலைத் தாண்டி வளைவு வளைவாக ஏறி, போடிமெட்டையும் கடந்து, பூப்பாறைப் பக்கம் உள்ள தம் ஏலத்தோட்டத்துக்குப் போய்வரும் பிக்கப் வண்டியின் பின்பாடியில் இரண்டு பிளக் பாயிண்ட் வைத்துக்கொள்ள விரும்புகிறார். 1,000 வாட் இன்வர்ட்டர் ஒன்றைப் பாடியில் மாட்டி, முன்னாலுள்ள பேட்டரியிலிருந்து ஒயர் இழுத்துக் கொடுத்துவிட்டால் கிரைண்டிங் மெஷின், டிரில்லிங் மெஷின், அரை எச்.பி. தண்ணீர் மோட்டார் எல்லாமே ஓடும் என்று கடைக்காரர் சொல்கிறாராம். நம்பலாமா என்பது கேள்வி.

ஆசை நியாயமானதே. மின்கம்பம் எட்டாத சரிவில் ஒரு கேட்டின் கீல் அறுந்துபோனால்கூட, அதைக் கழற்றி ஊருக்கு எடுத்துவந்து சரிசெய்து மறுபடி மேலே கொண்டுபோக ஒரு பகல் வீணாகிறது. மருந்தடிக்கும் பேட்டரி ஸ்பிரேயர் பாதி வேலையில் ஓய்ந்துபோனால் கூலியாட்கள் சும்மா உட்கார நேர்கிறது. ஆயினும் இந்த ஆசையைத் தூண்டிவிட்ட வெளிநாட்டுப் படங்களை அப்படியே நம் மலைக்குப் பொருத்திப் பார்ப்பது தவறு. ஃபோர்டு நிறுவனத்தின் 2021-ஆம் வருஷத்து எஃப்-150 ஹைபிரிட் வண்டியில், பின்பாடியிலிருந்தே 7.2 கிலோவாட் வரை எடுக்கும் வசதி உண்டு என்பதும், அவ்வாண்டு பிப்ரவரியில் டெக்ஸஸ் மாகாணம் பனியில் உறைந்து மின்சாரம் நின்றபோது சிலர் வீட்டு விளக்குகளை அதைக் கொண்டே எரித்தார்கள் என்பதும் உண்மை. ஆனால் அதற்கென்றே உயர் வோல்ட்டேஜ் பேட்டரியும், எஞ்சினோடு இணைந்த பெரிய மின்யந்திரமும் அந்த வண்டியில் பிறவியிலேயே அமைந்தவை. நம் பிக்கப்பில் உள்ளதோ 12 வோல்ட் பேட்டரி ஒன்றுதான்.

அந்தப் பேட்டரியின் சரித்திரத்துக்கு ஒரு பத்தி போதும். கையால் சுழற்றும் கைப்பிடிக்குப் பதிலாக, சார்லஸ் கெட்டரிங் வகுத்த மின்சார ஸ்டார்ட்டர் 1912-இல் காடிலாக் கார்களில் வந்தது. எஞ்சினைக் கிளப்புவதற்குச் சில வினாடிகள் பெருஞ்சக்தியை வாரிக்கொடுத்துவிட்டு உடனே ஆல்டர்னேட்டரிடமிருந்து திரும்பப் பெற்றுக்கொள்வதே இன்றளவும் பேட்டரியின் தொழில். மணிக்கணக்கில் சக்தியைச் சிந்திக்கொண்டிருப்பது அதன் சுபாவம் அன்று.

இனி, கடைக்காரரின் யோசனையில் உள்ள பெரிய பிழைக்கு வருகிறேன். ஒயரின் உள்ளே நடப்பது இத்தனை அழகானது என்பதால் சற்று விஸ்தாரமாகவே சொல்ல வேண்டும். ஏலக்காய் மூட்டைகளைத் தலைச்சுமையாக இறக்கும் ஓர் ஒற்றையடிப் பாதையை நினைத்துக்கொள்ளுங்கள். பாதை எப்போதும் முனைக்கு முனை ஆட்களால் நிறைந்தே இருக்கிறது. கூட்டவும் முடியாது, குறைக்கவும் முடியாது. தலைக்கு எவ்வளவு சுமை என்பது வோல்ட்டேஜ். வினாடிக்கு எத்தனை பேர் கீழே வந்து சேருகிறார்கள் என்பது ஆம்பியர். வந்து சேரும் மொத்தச் சரக்கு வாட். தலைக்கு 230 பங்கு சுமை ஏற்றினால் 1,000 வாட் சரக்குக்கு வினாடிக்கு நாலேகால் பேர் வந்தால் போதும். தலைக்கு 12 பங்குதான் என்றால், இன்வர்ட்டர் தின்னும் பத்து சதவீதத்தையும் சேர்த்து, 93 பேர் வந்தாக வேண்டும். பாதையில் புதிதாக ஆள் நுழைய இடமில்லாததால், இருப்பவர்களே 21 மடங்கு வேகமாக ஓடித்தான் அந்தக் கணக்கைத் தீர்க்க வேண்டும். வேகம் 21 மடங்கானால் இடிபாடும் உராய்வும் 21 மடங்கு கடுமையாகின்றன. அந்தக் கடுமையான உராய்வை அவர்கள் 21 மடங்கு விரைவாகவும் கடக்கிறார்கள். ஆகவே பாதை சூடாகும் வேகம், இரண்டையும் பெருக்க, 450 மடங்கைத் தொடுகிறது. உஷ்ணம் ஆம்பியரின் வர்க்கத்தைப் பொறுத்தது என்று பள்ளியில் மனப்பாடம் செய்த விதியின் உள்ளுயிர் இதுதான். பாதையை அகலப்படுத்தினால், அதாவது ஒயரின் கனத்தைக் கூட்டினால், அதே சரக்கை எல்லோரும் நிதானமாக நடந்தே சேர்த்துவிடலாம். இன்வர்ட்டர் என்பது சிறுசுமைகளைப் பிரித்துப் பெருஞ்சுமையாகக் கட்டிக்கொடுக்கும் களம். உவமை ஓரிடத்தில் மட்டும் பொருந்தாது: 2.5 சதுர மில்லிமீட்டர் தாமிர ஒயரில் 93 ஆம்பியர் பாயும்போதுகூட எலெக்ட்ரான்கள் முன்னேறும் வேகம் வினாடிக்கு 3 மில்லிமீட்டர்கூட இல்லை.

கணக்கைப் பாருங்கள். பேட்டரியிலிருந்து பின்பாடிக்குப் போக 4 மீட்டர், திரும்ப 4 மீட்டர். வீட்டுக்குப் போடும் அந்த 2.5 ஒயரையே போட்டால், 93 ஆம்பியரில் வழியிலேயே 5 வோல்ட்டுக்கு மேல் தொலைந்து, ஏறக்குறைய 475 வாட் உஷ்ணமாகிறது. மிஞ்சிய 7 வோல்ட்டில் இன்வர்ட்டர் அணைந்துவிடும். அணையாமல் இழுத்தால் ஒயரின் உறை உருகிவிடும். களத்தைப் பாதையின் தலைமாட்டிலேயே வைத்துப் பாருங்கள். இன்வர்ட்டரை முன் இருக்கைக்குப் பின்னால் பொருத்தி, பேட்டரியிலிருந்து அதுவரை மட்டும் 35 சதுர மில்லிமீட்டர் கேபிள் போட்டு, அங்கிருந்து 230 வோல்ட்டைப் பின்பாடிக்கு அனுப்பினால், கனத்த கேபிளில் கால் வோல்ட்டுக்கும் குறைவாகவே நஷ்டம், அதே 2.5 ஒயரோ ஒரு வாட் அளவுக்குமேல் சூடாவதில்லை.

மற்றவற்றைச் சுருக்கமாகவே சொல்லலாம். டிரில்லிங் மெஷினும் சிறிய கிரைண்டிங் மெஷினும் ஓடும். அரை எச்.பி. மோட்டார் ஓடாது, ஓட்டத்தில் 600 வாட் அளவே தின்றாலும், கிளம்பும் கணத்தில் ஐந்தாறு மடங்கு மின்சாரம் கேட்கும் ஆகையால், 1,000 வாட் இன்வர்ட்டர் கையை விரித்துவிடும். எஞ்சினை நிறுத்திவிட்டு வேலை செய்தால், 80 ஆம்பியர்-மணிப் பேட்டரி முழுச் சுமையில் இருபது நிமிஷத்துக்குள் பாதி தீர்ந்துவிடும். ஸ்டார்ட்டருக்கென்று மெல்லிய தகடுகளோடு செய்த பேட்டரியை அடிக்கடி அந்த அளவுக்கு இறக்கினால் அதன் ஆயுள் குறையும், அன்று மாலை வண்டி கிளம்பாமலும் போகலாம். ஆகவே எஞ்சின் ஓடட்டும். ஐடிலிங்கில் ஆல்டர்னேட்டர் முழு ஆம்பியரையும் தராது என்பதையும் நினைவில் வையுங்கள். ஸ்பிரேயர் பேட்டரிக்கு இன்வர்ட்டரே வேண்டாம்: 12 வோல்ட்டை 230 ஆக்கி மறுபடி 12 ஆக்குவது வீண்விரயம், டாஷ்போர்டில் உள்ள 12 வோல்ட் சாக்கெட்டிலேயே மாட்டும் சார்ஜர்கள் கிடைக்கின்றன. சாரல் நிற்காத மலையில் பின்பாடி சாக்கெட்டுக்கு மூடியுள்ள வெளிப்புற வகையே தேவை. ஆளைக் காக்கும் 30 மில்லிஆம்பியர் ஆர்.சி.சி.பி. வேலை செய்யும்படி நியூட்ரலை வண்டிச் சட்டத்தோடு இணைக்க அந்த இன்வர்ட்டர் இடம் தருகிறதா என்பதை வாங்குமுன்பே கேட்டுக்கொள்ள வேண்டும்.

தண்ணீர் இறைப்பதுதான் உங்கள் பிரதான நோக்கமானால், ஒரு பெட்ரோல் பம்பு வாங்குவதே மேல் என்பது என் அபிப்பிராயம். சில்லறை வேலைக்குத்தான் என்றால் தாராளமாகச் செய்யுங்கள். ஆனால் வேலையை முடித்துக்கொடுக்கும் எலெக்ட்ரீஷியனிடம் பியூஸ் எங்கே என்று கேளுங்கள். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் அது இருக்கக் கண்ணால் பார்த்த பிறகே வண்டியை மலைக்கு எடுங்கள்.