மார்பக நுண்ணலைப் படிமவியல்

மார்பக நுண்ணலைப் படிமவியல் என்பது, ஆற்றல் குறைந்த நுண்ணலைகளை மார்பகத்தினுள் செலுத்தி, அவை சிதறும் விதத்தைக் கொண்டு அங்குள்ள புற்றுக்கட்டியைக் கண்டறிய முயலும் மருத்துவப் படிம முறை ஆகும். இதில் அயனியாக்கும் கதிர்வீச்சு இல்லை. மார்பகத்தைத் தட்டுகளுக்கிடையே வைத்து அழுத்த வேண்டியதும் இல்லை. சுரப்பி இழையம் மிகுந்த அடர்ந்த மார்பகங்களின் ஊடுகதிர்ப் படத்தில் (மமோகிராம்) அவ்விழையமும் கட்டியும் ஒருசேர வெண்மையாகத் தெரிவதால், கட்டி மறைந்துவிடக்கூடும். இக்குறையை ஈடுசெய்யும் நோக்கும் இவ்வாய்வுகளுக்கு உண்டு.

அடிப்படை

நீர் மிகுந்த பொருட்களின் விடுதிறன் நுண்ணலை அதிர்வெண்களில் உயர்ந்திருக்கும். கொழுப்பில் நீர் குறைவு; கட்டியில் மிகுதி. ஆகவே இரண்டும் சந்திக்கும் எல்லையில் அலை சிதறுகிறது. மார்பகத்தைச் சூழ அமைந்த அலைவாங்கிகளில் (ஆன்டெனா) ஒன்று அலையை அனுப்ப, மற்றவை அதனை ஏற்கின்றன. காற்றிலிருந்து தோலில் படும் அலையின் பெரும்பகுதி அங்கேயே எதிரொளிக்கப்படும். இதனைக் குறைக்க, கிளிசரின் கலந்த நீர் போன்ற ஊடகம் இடையில் நிரப்பப்படுவதுண்டு. அப்போதும் தோலின் எதிரொலி கட்டியின் எதிரொலியை மூழ்கடித்துவிடும். அதனைப் பிரித்து நீக்குவது இத்துறையின் கடினமான பணிகளுள் ஒன்று. அதிர்வெண்ணைக் கூட்டினால் சிறு கட்டிகளையும் பிரித்தறியலாம், ஆனால் இழையம் அலையை விரைவில் உறிஞ்சிவிடும்.

ஆய்வுகள்

இருவகை அணுகுமுறைகள் உள்ளன. அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் பால் மீனி, கீத் பால்சன் ஆகியோர் 16 அலைவாங்கிகளைக் கொண்டு, மார்பகம் முழுவதன் மின்பண்புகளையும் கணித்து வரைபடமாக்கும் கருவியை அமைத்து, 2000 ஆம் ஆண்டில் பெண்களிடம் பெற்ற முதல் முடிவுகளை வெளியிட்டனர். மற்றையது, 1998 இல் சூசன் ஹேக்னசும் உடனாய்வாளரும் முன்வைத்த ரேடார் முறை. இது மின்பண்புகளைக் கணிக்காமல், வலிமையான சிதறல் எழும் இடத்தை மட்டும் தேடுகிறது. பிரித்தானியாவின் பிரிஸ்டல் பல்கலைக்கழகத்தில் உருவான கருவி இவ்வகையைச் சேர்ந்தது.

தொடக்க கால எதிர்பார்ப்புகள் பெரிதும் கட்டிக்கும் கொழுப்புக்கும் உள்ள வேறுபாட்டையே நம்பியிருந்தன. விஸ்கொன்சின், கால்கரி பல்கலைக்கழகங்கள் அறுவை சிகிச்சைகளில் பெறப்பட்ட இழையங்களை அளந்து 2007 இல் வெளியிட்ட முடிவுகள் இதனை மாற்றின. கொழுப்புக்கும் கட்டிக்கும் இடையே 10 மடங்கு வரை வேறுபாடு இருந்தது. சுரப்பி இழையத்துக்கும் கட்டிக்கும் இடையிலோ ஏறத்தாழ 10 விழுக்காடே இருந்தது. அதாவது, எந்த அடர்ந்த மார்பகங்களுக்கு இம்முறை மிகவும் தேவையோ, அங்கேயே இது தடுமாறுகிறது.

டார்ட்மத் குழுவினர் 2013 இல் வேறொரு பயன்பாட்டை விவரித்தனர். அறுவைக்கு முன் வேதிச்சிகிச்சை பெறும் பெண்ணின் மார்பகத்தைச் சிகிச்சைக் காலத்தில் மீண்டும் மீண்டும் படிமமாக்கிக் கட்டியின் மாற்றத்தைக் கண்காணிப்பதே அது. இங்கு கட்டி இருக்குமிடம் முன்பே தெரியும். ஒப்பீடும் அதே மார்பகத்தின் முந்தைய படிமத்துடன்தான்.